காலையில் காணாமல்போன லினக்ஸ்

திங்கட்கிழமை காலை 6.45-க்கு மாமாவிடமிருந்து அழைப்பு. “மாப்பிள்ளை, உன் லினக்ஸ் ராத்திரியோடு போய்விட்டது. பழைய விண்டோஸே வந்து உட்கார்ந்திருக்கிறது” என்றார். குரலில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி சொல்லாமல் கிளம்பிவிட்டதைப் போல ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

முந்தைய நாள் மாலைதான் மாமாவின் கணினியில் இரண்டு நாள் வேலையை முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறியிருந்தேன். கிளம்புவதற்கு முன்பு ஏழெட்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், விண்டோஸுக்குப் பதிலாக நான் நிறுவிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஒழுங்காக வந்தது.

மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சுற்றுவட்டாரக் கண்மாய்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். எந்த மடை எந்த வயலுக்குப் பாயும், எந்த மழையில் எந்தக் கலுங்கு உடைந்தது, மீன் ஏலம் யார் பொறுப்பில் இருந்தது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிய கட்டுரைகள் அவருடைய கணினியில் 340 கோப்புகளாகக் கிடந்தன. கணினி 2013-இல் உள்ளூரிலேயே பாகங்களைக் கோத்து வாங்கியது: மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்த மதர்போர்டில் இல்லை. மாமாவுக்கு இதெல்லாம் பிரச்சினையாகவே படவில்லை. வீட்டுக்குப் புதிதாகக் கேபிள் இணைய இணைப்பு வந்து, உலாவி பழையது என்று ஒவ்வொரு தளமும் அவரைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் என்னை அழைத்தார். புதுக் கணினி வாங்கலாமா என்று கேட்டேன். “இதற்கு என்ன குறை? தட்டினால் எழுத்து விழுகிறது” என்றார்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக லினக்ஸ் பென் டிரைவைச் செருகி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி (பூட் செய்து), ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். அந்த அட்டவணையில் நான் பார்ப்பது மூன்று வரிகளைத்தான். 5-ஆம் எண், வட்டு கைவிட்டு மாற்றிடம் கொடுத்த பகுதிகளின் கணக்கு. 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். 199, தரவு கேபிளில் வரும்போது சிதைந்த தடவைகள். இது மட்டும் ஏறிக்கொண்டே போனால் வட்டைக் குறை சொல்லாமல் கேபிளை மாற்ற வேண்டும். மாமாவின் வட்டில் 197-இல் 24 என்று இருந்தது. உடனே உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டுக்கு நகலெடுத்தேன். நல்ல வேளையாக எல்லாம் வந்துவிட்டன.

பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். மின்கம்பியை உருவி, 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை வட்டு) ஒன்றை, வட்டுகளை இணைக்கும் சாட்டா முனைகளில் இரண்டாவதில் மாட்டினேன். விண்டோஸ் இருந்த பழைய வட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று முதல் முனையிலேயே விட்டுவைத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த 4 ஜிபி பழைய ரேம் ஒன்றையும் காலியாக இருந்த இடத்தில் செருகினேன். மறுபடி மின்சாரம் கொடுத்ததும் கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: அமைப்புகளுக்குள் போக எஃப்1, இயல்பு மதிப்புகளை ஏற்றிக்கொண்டு தொடர எஃப்2. ரேமை மாற்றினால் சில போர்டுகள் இப்படிக் கேட்கும்; அதுதான் என்று நினைத்தேன். எஃப்1 அழுத்தி உள்ளே போனால் தேதி 2012 ஜனவரி 1 என்று இருந்தது. அதையும் திருத்தினேன். எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வைத்தேன். சேமித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் அடுத்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நிறுவல் பாதியில் நின்றது. கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில், மீள முடியாத பிழை என்று ஒரு பெட்டி. இரண்டாம் முறை வேறோர் இடத்தில் நின்றது. ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி நின்றால் எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம் போகும். இருந்தாலும் பதிவிறக்கிய கோப்பின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டினேன். நான்காவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் கொட்டத் தொடங்கின. இரண்டு ரேம்களையும் கழற்றி, அத்தையின் பேரன் பென்சில் டப்பாவிலிருந்து ஓர் அழிப்பானை வாங்கி, பொன்னிற விளிம்பை இருபுறமும் தேய்த்தேன். கறுப்பாக அழுக்கு வந்தது. ஊதிச் செருகியதும் சிவப்பு நின்றது. கணினி பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் முதலில் செய்கிற வேலை இதுதான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அது பலிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. நம்பிக்கை வருவதற்காக மெம்டெஸ்டை இரவு முழுவதும் ஓடவிட்டுத் தூங்கினேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சனிக்கிழமை இரவு அந்தக் கணினி அணைக்கப்படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிறுவல் இருபது நிமிடத்தில் முடிந்தது. மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம். உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதால் 2029 வரை புதுப்பிப்புகளைப் பற்றிக் கவலை இல்லை. புதுப்பிப்புகளை என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினேன். பிரிண்டரைச் செருகியதும் அச்சடித்தது. ஏன் என்று நான் ஆராயவில்லை. மாமாவுக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியும்படி அமைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். தமிழ்த் தட்டச்சும் பழைய கோப்புகளும் அடுத்த வாரத்துக்கு என்று பேச்சு.

இனி திங்கட்கிழமை.

விண்டோஸ் வந்தது என்றால் பூட் வரிசை பழைய நிலைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். சேமிக்காமல் வந்துவிட்டேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். மாமாவை மறுபடி தொடங்கச் சொல்லி, எஃப்11 அழுத்தி, பட்டியலில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுக்க வைத்தேன். லினக்ஸ் வந்தது. “ஆனால் மணி பகல் 12.20 என்கிறது” என்றார். அப்போது மணி 6.50.

ஐந்தரை மணி நேரம்! இது எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். மதர்போர்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தையே வைக்கும். லினக்ஸ் அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். ஒரே பெட்டியில் இரண்டும் இருந்தால், விண்டோஸுக்குப் போய்வந்த பிறகு லினக்ஸில் நேரம் சரியாக ஐந்தரை மணி முந்தி நிற்கும். லண்டன்காரருக்கு இந்தக் கோளாறு குளிர்காலத்தில் கண்ணிலேயே படாது. நமக்கு உடனே தெரிந்துவிடும்.

“நீங்கள் விண்டோஸில் நேரத்தை மாற்றினீர்களா மாமா?”

“தினமும் மாற்றுவேனே. காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்துவிடுவேன்.”

சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் போல அவர் சொன்னதை நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். தினமும் ஏன் மாற்றவேண்டியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. தெரிந்த நோயைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன். டைம்டேட்சிடிஎல் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொல்லித் தட்டச் செய்து, மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும்படி லினக்ஸை மாற்றினேன். மதர்போர்டின் அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போகச் சொல்லிப் பூட் வரிசையையும் திருத்தினோம். மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னேன். மூன்று முறையும் லினக்ஸ் வந்தது, மணியும் சரியாக இருந்தது. போனை வைத்துவிட்டு அலுவலகம் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் அழைப்பு. மறுபடியும் விண்டோஸ் வந்திருக்கிறது. ஆனால் இந்த முறை மாமா விண்டோஸைத் தொடவில்லை. எஃப்11 வித்தையை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தார். உடனே அணைத்து, தானே எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து லினக்ஸுக்குள் வந்துவிட்டார். “ஆனால் இப்போது மணி இரவு 9.50 என்கிறது. நேற்றுத் தேதி. இன்னொன்று, புதுப்பிப்பு மேலாளர் சிவப்பாக ஏதோ சொல்கிறது.”

நேற்று ஐந்தரை மணி முந்தி இருந்தது, இன்று ஒன்பது மணி பிந்தி இருக்கிறது. ஒரே நேர வலயக் குழப்பம் இந்த இரண்டு கணக்குக்கும் ஒத்துவராது. நான் கொடுத்த மருந்துதான் புது நோயைக் கொண்டுவந்ததோ என்று பயம் வந்தது.

“அந்தச் சிவப்பு வரியை முழுதாகப் படியுங்கள் மாமா.”

ஆங்கிலத்தை அவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். மென்பொருள் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை. இன்னும் 8 மணி 20 நிமிடங்களுக்குச் செல்லாது என்பது அதன் பொருள். புதுப்பிப்புகளைக் கொண்டுவரும் ஆப்ட் என்ற நிரல் இறக்குகிற ஒவ்வொரு பட்டியலிலும் அது உருவான நேரம் பதிந்திருக்கும். அந்த நேரம் கணினியின் கடிகாரத்துக்கு எதிர்காலமாக இருந்தால், நாளை எழுதப்போகிற கடிதம் இன்றே வந்துவிட்டதைப் போலச் சந்தேகப்பட்டு ஆப்ட் அதை ஒதுக்கிவிடும். அப்படியானால் கடிகாரம்தான் நின்றிருக்கிறது. எங்கே நின்றது?

“நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு அணைத்தீர்கள்?”

“செய்தி முடிந்ததும். ஒன்பதே முக்கால் இருக்கும்.”

மாமா படுத்த நேரத்தில் கடிகாரமும் படுத்துவிட்டது. அவர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அதுவும் எழுந்திருக்கிறது.

இதன் பின்னணி பிறகு புரிந்தது. லினக்ஸின் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி-யின் நேர ஒத்திசைவுச் சேவை, இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்காதபோது, நிமிடத்துக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் குறித்துவைக்கும். அடுத்த முறை எழும்போது மதர்போர்டு கடிகாரம் அதைவிடப் பின்னால் இருந்தால், குறித்துவைத்த நேரத்துக்கு முன்னேற்றிக்கொள்ளும். கடிகாரமே இல்லாத சிறு போர்டுகள் 1970-க்குப் போய்விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாமாவின் கணினியில் அது உண்மையான நோயை மூடி மறைத்துவிட்டது. கடிகாரம் 2012 என்று காட்டியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். நேற்றிரவு என்று காட்டியதால் மென்பொருளைத் துருவிக்கொண்டிருந்தேன்.

இணைய நேரம் ஏன் கிடைக்கவில்லை? நேரம் கேட்கும் பொட்டலங்கள் யுடிபி 123 என்ற வாசல் வழியாகப் போகும். அந்தக் கேபிள் இணைப்பில் அந்த வாசல் திறக்கவில்லை. என் ஹாட்ஸ்பாட்டில் திறந்திருந்தது; ஞாயிற்றுக்கிழமை நொடியில் ஒத்திசைந்தது அதனால்தான். இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, இணையம் வருகிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்.

“மாமா, அணைத்த பிறகு சுவர் சுவிட்சையும் அணைப்பீர்களா?”

“பின்னே? இடி மின்னல் வந்தால்?”

“காலையில் போட்டதும் திரையில் என்ன வரும்?”

“வழக்கம்போல எஃப்2 கேட்கும். அழுத்துவேன்.”

“எந்த எஃப்2?”

“இரண்டு வருடமாகக் கேட்கிறதே மாப்பிள்ளை. இந்தக் கணினியை அப்படித்தான் திறக்கவேண்டும்.”

கணினியை அணைத்தாலும், சுவரில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) ஒரு சிறு 5 வோல்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் அதில் பிழைத்திருக்கும். சுவர் சுவிட்சை அணைத்த பிறகுதான் போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரிக்கு வேலை. அது செத்துப் பல மாதங்கள் ஆகியிருக்கின்றன. அதனால் பகலில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் எல்லாம் சரியாக இருக்கும். ராத்திரி தாண்டினால் கடிகாரம் 2012-க்குப் போகும், பூட் வரிசை போகும். மாமா எஃப்2 அழுத்தி இயல்பு மதிப்புகளை ஏற்றுவார். இயல்பு வரிசையில் முதல் முனையிலிருக்கும் பழைய வட்டுதான் முதலில். விண்டோஸ் வந்து உட்கார்ந்ததும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உள்ளூர் நேரத்தை வைப்பார். அடுத்து லினக்ஸுக்குள் போனால் ஐந்தரை மணி முந்தும். விண்டோஸைத் தொடாமல் போனால் ஒன்பது மணி பிந்தும். இரண்டும் ஒரே பேட்டரியின் வேலை. நான் ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டு முறை சோதித்ததும் மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னதும் எல்லாம் பகல் சோதனை.

சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறினேன். சட்டைப்பையில் சிஆர்2032 பேட்டரி ஒன்று. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். பழையதைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 3 வோல்ட் காட்டவேண்டியது 0.9 காட்டியது. புதியதைப் போட்டு, பயாஸில் நேரம் வைத்து, லினக்ஸில் நான் திங்கட்கிழமை செய்திருந்த மாற்றத்தைத் திருப்பிப் போட்டேன். விண்டோஸ் வட்டின் கேபிள்களை உருவி, வட்டில் தேதி எழுதி, அத்தையின் பீரோவில் வைத்தாயிற்று. சுவர் சுவிட்சை அணைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அத்தை காபி கொடுத்தார். பிறகு போட்டால் நேராக லினக்ஸ்; மணி சரி.

இதன் பிறகுதான் உண்மையான வேலை. 340 கோப்புகள்.

மாமா எழுதியது எல்லாம் பாமினி எழுத்துருவில். இந்த வகைப் பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. ‘தமிழ்’ என்று திரையில் தெரிகிற இடத்தில் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பதினைந்து ஆண்டு உழைப்பும் இப்படித்தான் தெரியும். பாமினியைப் புதுக் கணினியில் போட்டுவிட்டால் படிக்கலாம்தான். ஆனால் தேட முடியாது, போனில் அனுப்ப முடியாது. ஆகவே எல்லாவற்றையும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது என்று முடிவு.

முதலில் சோம்பேறித்தனமாகக் கோப்புகளை வெறும் உரையாக மாற்றி, எழுத்துக்கு எழுத்து பெயர்த்தேன். தமிழ் ஓரளவு வந்தது. ஆனால் மாமா பழைய மாவட்ட விவரச் சுவடிகளிலிருந்து ஆங்கில மேற்கோள்களை ஆங்கிலத்திலேயே கொடுத்திருந்தார். அவையும் பெயர்ந்துவிட்டன. கண்மாயைக் குறிக்கும் ‘டேங்க்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் ‘வயமெ’ என்று நின்றது. ஆங்கில வரிகளில் இருந்த காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகியிருந்தன, ஏனென்றால் பாமினியில் காற்புள்ளி விசைதான் இகரம். மாமா அதைப் படித்துவிட்டு, “இது எந்தச் சங்கத்துத் தமிழ்?” என்றார்.

எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்கு ஒரே சாட்சி எழுத்துருவின் பெயர். அதனால் லிப்ரெஆஃபீஸ் என்ற ஆவண மென்பொருளைத் திரையில்லாமல் கட்டளையாக ஓட்டி, எல்லாக் கோப்புகளையும் எஃப்ஓடிடி வடிவத்துக்கு மாற்றினேன். இது முழுக்க எக்ஸ்எம்எல் உரை. எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு என்று உள்ளேயே எழுதியிருக்கும். பாமினி என்று இருக்கிற துண்டுகளை மட்டும் பெயர்க்கும்படி பைத்தான் நிரல்மொழியில் சுமார் எண்பது வரி எழுதினேன்.

பெயர்ப்பதில் ஒரே கவனம் வரிசை. பாமினியில் கொம்பு முதலில் வரும், மெய் பிறகு, கால் கடைசி; தட்டச்சுப் பொறியில் தாளில் விழுகிற வரிசை அது. ஒருங்குறியில் மெய்தான் முதல், அதன் பிறகு ‘ொ’ என்று ஒரே குறி. அதனால் நீளமான சேர்க்கையை முதலில் மாற்றவேண்டும். நான் முதல் தடவை குட்டையானதை முதலில் மாற்றிவிட்டேன். கொம்பும் ககரமும் ‘கெ’ ஆகி, கால் தனியாக ஒட்டிக்கொண்டது. திரையில் ‘கொண்டு’ என்று அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் கிரெப் என்ற தேடல் கட்டளையில் ‘கொண்டு’ என்று தேடினால் ஒன்றுகூட இல்லை! கண்மாயைப் பற்றி 340 கட்டுரை எழுதியவர் ஓரிடத்திலும் ‘கொண்டு’ என்று எழுதாமல் இருக்க முடியாது. வரிசையை மாற்றி, கடைசியில் எதற்கும் என்எஃப்சி ஒழுங்காக்கத்தையும் ஒருமுறை ஓட்டினேன். பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் அது ஒரே குறியாகச் சேர்த்துவிடும்.

இத்தனையும் முடிந்து ஒரு கட்டுரையை மாமாவிடம் காட்டினேன். தலைப்பிலேயே நின்றுவிட்டார்.

“மாப்பிள்ளை, வெள்ளத்துக்கு என்ன வியாதி?”

திரையில் ‘வௌ்ளம்’ என்று இருந்தது. இணையத்தில் இதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். யாரோ தட்டச்சில் விட்ட பிழை என்றே நினைத்திருந்தேன். காரணம் இதுதான்: ஔகாரக் குறியின் வலப்பக்கப் பாதியும் ளகரமும் பார்க்க ஒன்று போல இருக்கும். பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வந்தால் அது ‘வெள’வா ‘வௌ’வா என்று கோப்பில் எந்தத் தடயமும் இல்லை. நீளமானதை முதலில் மாற்று என்று நானே வைத்த விதி, வெள்ளத்தையும் வெளியையும் தெளிவையும் ஔகாரமாக்கிவிட்டது. கண்மாய்க் கட்டுரையில் வெள்ளம் என்ற சொல் எத்தனை தடவை வரும் என்று சொல்லவேண்டியதில்லை.

அகராதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா சிரித்தார். “உயிர் ஏறிய மெய்யின்மேல் புள்ளி எப்படி விழும்? ‘வௌ’ ஆகிவிட்டால் அதற்குமேல் புள்ளியும் வராது, இன்னோர் உயிர்க்குறியும் வராது. எட்டாம் வகுப்பில் நான் கேட்கிற கேள்வி இது.”

அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு வரி நிரலாக எழுதினேன்: ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம்தான், வராவிட்டால் ஔகாரம். வெள்ளம் சரியாயிற்று, வெளி சரியாயிற்று, பௌர்ணமியும் கௌரவமும் மௌனமும் தம் இடத்தில் இருந்தன. எகரத்துக்குப் பின் வெறும் ‘ள’ வருகிற சொல் உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பேச்சில் மெள மெள என்போம். நான் எழுதமாட்டேன்” என்றார். 340 கோப்புகளிலும் தேடிப் பார்த்தேன். எழுதவில்லை.

இன்னொரு சில்லறைத் தொல்லை: மாற்றிய கோப்புகளில் எழுத்தெல்லாம் சிறுத்துவிட்டது. லிப்ரெஆஃபீஸ் தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளின் கணக்கில் வைக்கிறது. அதற்கு எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கு உள்ளதிலிருந்து தனி. பாமினி உரை ஆங்கிலம் என்ற பெயரில் 16 புள்ளியில் இருந்தது. தமிழானதும் இயல்பான 12-க்கு இறங்கிவிட்டது. பழைய அளவைப் புதிய இடத்துக்கு எழுத நாலு வரி சேர்த்ததும் தீர்ந்தது. எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ்.

தட்டச்சு இதைவிட எளிது. தமிழ்99 கற்றுக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். 1999-இல் அரசு ஏற்ற விசைப்பலகை, குறைந்த விசைகளில் எழுதலாம் என்றெல்லாம். தட்டச்சு மேல்நிலை தேறியவரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. லினக்ஸில் பிற மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ்ஸில் எம்17என் பொதியைச் சேர்த்தால் பழைய தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையும் கூடவே வருகிறது. இரண்டு மூன்று விசைகள் மாமாவின் விரல் பழக்கத்துக்கு மாறாக இருந்தன. அந்த விசை வரைபடம் வெறும் உரைக் கோப்புதான் என்பதால், வீட்டுக் கோப்புறையில் ஒரு நகலை வைத்து அவர் சொன்னபடி திருத்திக் கொடுத்தேன். கொம்பை முதலில் தட்டிவிட்டு மெய்யைத் தட்டுகிற அவருடைய வழக்கம் அப்படியே இருக்கிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற விண்டோஸ் படம் போட்ட விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். “வட்டைப் பீரோவில் வைத்தாயிற்று, படம் மட்டும் இங்கே இருக்கிறதா?” என்றார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்பினேன். திங்கட்கிழமை காலை 6.45-க்குப் போன் அடித்தது. எடுக்கும்போதே வயிற்றைக் கலக்கியது.

“மாப்பிள்ளை, இது எஃப்2 கேட்கவில்லையே. காத்துக்கொண்டே இருக்கிறேன்.”

“திரையில் என்ன இருக்கிறது மாமா?”

“உன் லினக்ஸ்தான் இருக்கிறது.”

“மணி?”

“ஆறே முக்கால்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. விசை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சரி, அந்த வெள்ளக் கட்டுரையை எந்தக் கோப்புறையில் வைத்திருக்கிறாய்?” என்றார்.